நல்லவர்கள் போட்ட கையெழுத்து



டென்மார்க் எழுத்தாளர் யூஸி ஆட்லர்-ஓல்சனின் ‘ஜர்னல் 64’ நாவலைப் பற்றிப் போன இதழில் எழுதினாலும் எழுதினோம், கடிதங்கள் இன்னும் நின்றபாடில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தவர் விடிய விடியக் கீழே வைக்கவில்லையாம். இன்னொருவர் பாதியிலேயே மூடி, பேரன் கண்ணில் படாமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். ஒரு வாசகர் இதே நாவலை இரண்டு தடவை காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். ஆங்கில மொழிபெயர்ப்பு இங்கிலாந்தில் ‘கில்ட்’ என்றும் அமெரிக்காவில் ‘தி ப்யூரிட்டி ஆஃப் வெஞ்சன்ஸ்’ என்றும் வந்ததால் ஏற்பட்ட வினை. இந்த வரிசையின் முதல் நாவலுக்கும் இதே கூத்து உண்டு: இங்கிலாந்தில் ‘மெர்ஸி’, அமெரிக்காவில் ‘தி கீப்பர் ஆஃப் லாஸ்ட் காஸஸ்’. வாங்கப் போகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்த வாசகர் இரண்டாவது பிரதியை எங்களுக்கே அனுப்பிவிட்டார். நன்றி ஐயா, இப்போது அது அலுவலகத்தில் கைமாறிக்கொண்டிருக்கிறது. அச்சுக்கூடத்துக்குப் போனதிலிருந்து திரும்பவில்லை.

போன இதழைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாக: கோபன்ஹேகன் காவல்துறைத் தலைமையகத்தின் நிலவறையில் ‘கியூ பிரிவு’ என்று ஒன்று இயங்குகிறது. துப்புக் கிடைக்காமல் மூடிவைத்த பழைய வழக்குகளைத் தூசி தட்டுவது அதன் வேலை. சிடுமூஞ்சி கார்ல் மோர்க், சிரியாவிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் அசாத், யார் பேச்சையும் கேட்காத ரோஸ், இந்த மூவர்தான் பிரிவே. 1987இல் ஒரே சமயத்தில் காணாமல்போன சிலரைத் தேடப் புறப்படுகிறார்கள். தேடல் நேட்டே என்ற பெண்ணிடமும், ஸ்ப்ரோகோ என்ற தீவிடமும், கர்ட் வாட் என்ற மகப்பேறு மருத்துவரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. டேனிஷ் மொழியில் 2010இல் வெளியான நாவல், வரிசையில் நான்காவது. நெட்ஃபிளிக்ஸில் 2025இல் வந்த ‘டிபார்ட்மென்ட் கியூ’ தொடரைப் பார்த்துவிட்டு, “தீவே வரவில்லையே?” என்று கேட்டவர்களுக்கு: அது முதல் நாவலின் கதை, அதையும் எடின்பரோவுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி, அந்தத் தீவு நிஜமா என்பதுதான். ‘உலகத்திலேயே மகிழ்ச்சியான நாடு என்று போட்டித் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன், அங்கேயா இப்படி?’ என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறார். அவர் படித்தது சரிதான். 2012இல் வெளியான முதல் உலக மகிழ்ச்சி அறிக்கையில் டென்மார்க்குக்குத்தான் முதலிடம். தீவும் நிஜம்தான் அம்மா.

ஸீலாந்துக்கும் ஃபியூனுக்கும் நடுவே கிரேட் பெல்ட் என்றொரு நீரிணை இருக்கிறது. அதன் மத்தியில் கிடக்கும் துண்டு நிலம்தான் ஸ்ப்ரோகோ. ஒரு கலங்கரை விளக்கம், ஒரு பழைய கோட்டையின் இடிபாடு, புல்வெளி, நாலாபுறமும் கடல். 1923இல் மருத்துவர் கிறிஸ்டியான் கெல்லர் இங்கே பெண்களுக்கென்று ஒரு காப்பகம் தொடங்கினார். ஆண்களுக்கு இதேபோல லிவோ தீவில் 1911இலேயே ஒன்றைத் தொடங்கியிருந்தார். இரண்டும் 1961வரை நடந்தன. அந்த 38 ஆண்டுகளில் சுமார் 500 பெண்கள் ஸ்ப்ரோகோவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அவர்கள் செய்த குற்றம் என்ன? குற்றம் என்று எதுவும் இல்லை. கல்யாணத்துக்கு முன் பிள்ளை பெற்றவள், வீட்டைவிட்டு ஓடியவள், பண்ணை வேலைக்குப் போன இடத்தில் கர்ப்பமானவள், ஆண்களோடு திரிகிறாள் என்று ஊர் சொன்னவள். ஏழைக் குடும்பம் என்றால் ஊராட்சி நிவாரணப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். நாளைக்கு அவள் பெறும் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். அங்கேதான் கோப்பு திறக்கிறது. மருத்துவர் உட்காரவைத்து அறிவுத்திறன் சோதனை வைப்பார். பள்ளிக்கூடம் சரியாகப் போகாத பெண்ணிடம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதையே கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? ‘ஒழுக்க உணர்வு குன்றிய மந்தபுத்தி’ என்று முத்திரை விழும். படகு ஏற வேண்டியதுதான். இத்தனை மாதம், இத்தனை வருடம் என்ற தண்டனைக் கணக்கும் கிடையாது. திருடனுக்குக்கூட விடுதலை நாள் தெரியும். இவர்களுக்குத் தெரியாது. தையல், சலவை, சமையல், தோட்டவேலை என்று நாள் போகும். அடங்காதவர்களைத் தனியறையில் அடைத்தார்கள்.

வெளியே வர ஒரு வழி இருந்தது. கருத்தடை அறுவைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுவது. யாரும் கையைப் பிடித்து எழுதவைக்கத் தேவையில்லை. போடாவிட்டால் இங்கேயே இருக்கலாம் என்றால் போதும்.

இதற்கெல்லாம் சட்டம் இருந்தது. 1929இல் டென்மார்க் ஐரோப்பாவிலேயே முதல் நாடாகத் தேசிய அளவில் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன என்பதைக் கவனியுங்கள். 1934இல் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தபோது, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமலே செய்யவும் வழி திறந்தது. 1967வரை மொத்தம் சுமார் 11,000 பேருக்கு இந்த அறுவை நடந்திருக்கிறது. நார்வேயும் ஸ்வீடனும் 1934இலேயே சட்டம் இயற்றின. பின்லாந்து அடுத்த ஆண்டு.

நாவலைப் பற்றி எனக்கு உள்ள ஒரே பெரிய மனத்தாங்கல் இங்கேதான். கர்ட் வாட் என்ற மருத்துவரை ஆட்லர்-ஓல்சன் முழுக்க முழுக்க ராட்சசனாகப் படைத்துவிட்டார். இனத்தூய்மை பேசும் கட்சி, அடியாட்கள், ரகசியக் கூட்டம், மிரட்டல். முதுமையிலும் விஷம் வடியாத மனிதன். படிக்கிற நமக்கு வேலை சுலபம்: வெறுத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் நிஜத்தில் இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்களா?

கே. கே. ஸ்டைங்கே என்ற பெயரைப் பாருங்கள். சமூக ஜனநாயகக் கட்சிக்காரர், அமைச்சராக இருந்தவர். 1933ஆம் ஆண்டின் மாபெரும் சமூகச் சீர்திருத்தச் சட்டங்களின் சிற்பி. முதியோர் உதவித்தொகையும் வேலையில்லாதவருக்கான உதவியும் யாரோ போடும் பிச்சை அல்ல, குடிமகனின் உரிமை என்று சட்டத்தில் எழுதவைத்தவர். இன்று உலகமே வியக்கிற டேனிஷ் நலவாழ்வு அரசின் கடைக்காலில் அவர் பெயர் இருக்கிறது. அதே ஸ்டைங்கேதான் ‘தகுதியற்றவர்கள்’ பெருகுவதைத் தடுக்க வேண்டும் என்று 1920லிருந்தே வாதாடியவர். அவர் கணக்கில் இரண்டும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. எல்லாரையும் அரசு தாங்க வேண்டுமானால், தாங்கப்பட வேண்டியவர்களின் எண்ணிக்கையை அரசே கட்டுப்படுத்த வேண்டும் என்பது அவர் தர்க்கம். கெல்லரும் ஊர் அறிந்த கொடுமைக்காரர் அல்ல. இருட்டறையில் கிடந்தவர்களுக்குக் காற்றும் வெளிச்சமும் வேலையும் கொடுத்ததாகப் பெருமைப்பட்ட சீர்திருத்தவாதி. தீவில் வேலி கிடையாது என்பதே காப்பகத்தை நடத்தியவர்களுக்கு ஒரு பெருமை. கடல் இருக்கும்போது வேலி எதற்கு?

ஓர் எழுத்தாளர் கர்ட் வாட்டுக்குப் பதில் ஸ்டைங்கேயைப் போன்ற ஒருவரை மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்திருந்தால், கொலையே இல்லாமல்கூட நமக்குத் தூக்கம் போயிருக்கும். விறுவிறுப்பு குறைந்திருக்குமே என்று உதவி ஆசிரியர் சொல்கிறார். குறைந்திருக்கும்தான்.

இதையே வேறு கோணத்திலிருந்து தொட்டவர் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர். நெருக்கடிநிலைக் காலத்தில் குடும்பநல முகாம்களில் வேலை பார்த்தவர். ‘கேஸ் பிடித்து வா’ என்று மேலிடம் விரட்டியதையும், வந்தவர்களின் வயதை யாரும் துருவிக் கேட்காததையும், ரேகை வைத்த படிவங்களை மாலையில் எண்ணிக் கட்டி அனுப்பியதையும் எழுதியிருக்கிறார். எங்கள் டாக்டர் தங்கமான மனிதர் என்றும் எழுதியிருக்கிறார். அந்த வரியை அவர் அடிக்கோடிட்டிருக்கிறார். 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை நடந்தது. டென்மார்க்கையும் இதையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. இங்கே எண்ணிக்கைதான் வெறி, பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அங்கே ‘நல்ல பரம்பரை’ என்ற கணக்கு, ஸ்ப்ரோகோவுக்குப் போனவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஆனால் அந்தம்மா சொல்ல வந்தது இந்த வித்தியாசங்களைப் பற்றி அல்ல. முழுக் கடிதத்தையும் வெளியிடக் கேட்டோம், வேண்டாம் என்றுவிட்டார்.

சரி, கொலைகளுக்கு வருவோம். கொலை செய்கிறவர் யார் என்று இந்த நாவல் நம்மைத் தவிக்கவிடுவதில்லை. தன் வாழ்க்கையைக் குலைத்தவர்களை, பெரும் பணம் தருவதாகக் கடிதம் போட்டு, கோபன்ஹேகன் ஏரிக்கரை வீட்டுக்கு ஒவ்வொருவராகத் தேநீருக்கு அழைக்கிறார் நேட்டே. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே நேரம் குறித்து, மேசை விரிப்பைச் சரிசெய்து, கோப்பைகளைக் கழுவி வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் தாமதமாக வந்தால் என்ன ஆகும், அடுத்தவர் சீக்கிரம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் படும் பதற்றத்தை நாமும் படுகிறோம். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரின் பதைப்புதான் அது; பரிமாறுவது மட்டும் வேறு. முடிவில் ஒரு திருப்பம் இருக்கிறது. அதைச் சொன்னால் என்னைச் சும்மா விடமாட்டீர்கள்.

‘அந்தப் பெண் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டே படித்தேன்’ என்று எழுதியவர் ஒருவர் அல்ல, பலர். பெரும்பாலும் பெண்கள். இதைக் கேட்டு ஒரு வழக்கறிஞர் வாசகர் கொதித்துப்போய் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார்: சட்டத்தைக் கையில் எடுப்பதை இலக்கியம் என்ற பெயரில் கொண்டாடலாமா? ஐயா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் நேட்டேக்கு எதிராக நடந்தவற்றில் பல சட்டத்தின் பெயரிலேயே நடந்தன. அந்த மேசையில் உட்கார்ந்தவர்களில் பலர்மேல் எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட்டிருக்க முடியாது. ஆட்லர்-ஓல்சன் நம்மைச் சிக்கவைக்கும் இடம் அதுதான். அதற்காக நேட்டே செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அழைக்கப்பட்டவர்களில் எல்லாருமே ஒரே அளவு பாவம் செய்தவர்கள் அல்லர் என்பதை நாவலே காட்டுகிறது. வேண்டிக்கொண்டவர்கள் அந்தப் பக்கங்களை இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள்.

தேநீரில் கலந்த விஷத்தைப் பற்றி எழுதியவர் ஒரு சித்த மருத்துவர். ஐரோப்பியர்கள் ‘ஹென்பேன்’ என்று அழைக்கிற அந்தச் செடியின் விதைதான் நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் குரோசாணி ஓமம் என்று தெரிவித்திருக்கிறார். பெயரில்தான் ஓமம், சமையல் ஓமத்துக்கும் இதற்கும் உறவில்லை. ஊமத்தையின் பங்காளி. வைத்தியர் அளந்து கொடுத்தால் மருந்து, அளவு மீறினால் வாய் வறண்டு, கண் இருண்டு, புத்தி பேதலிக்கும். ‘தயவுசெய்து அளவுகளை அச்சிடாதீர்கள்’ என்று கடைசியில் எழுதி, அவரே அளவுகளையும் எழுதியிருக்கிறார். அச்சிடவில்லை வைத்தியரே.

கடிதங்களிலேயே கூர்மையானது ஒரு கல்லூரிப் பேராசிரியையிடமிருந்து வந்தது. நிஜமான பெண்கள் பட்ட துன்பத்தை எடுத்து, அதன்மேல் கொலையும் துரத்தலும் அடுக்கி, விமானநிலையக் கடையில் விற்பது முறையா என்று கேட்கிறார். அந்தப் பெண்களில் பலர் வாழ்நாள் முழுக்கப் புருஷனிடம்கூடத் தீவின் பெயரைச் சொல்லாமல் இருந்திருப்பார்களே, அவர்களைக் கேட்டா எழுதினார்கள் என்கிறார். இதற்கு என்னிடம் ஒரு பாதிப் பதில்தான் இருக்கிறது. ஆட்லர்-ஓல்சனின் அப்பா மனநல மருத்துவர். மகன் வளர்ந்ததே மனநல மருத்துவமனை வளாகங்களில், மருத்துவர் குடியிருப்புகளில். வெள்ளைக்கோட்டுக்கும் கட்டிலில் கிடப்பவருக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சின்ன வயதிலேயே பார்த்தவர். கதாநாயகனுக்கு வைத்த மோர்க் என்ற பெயரே அப்பாவின் நோயாளி ஒருவருடையது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆகவே சும்மா சரக்குத் தேடிப் போய் எடுத்த விஷயம் அல்ல இது. நேட்டேயின் தீவு நாட்களை எழுதும்போது அவர் நிதானிக்கிறார். கார்ல் மோர்க்கின் வீட்டுப் பிரச்சினைகளுக்கும் நகைச்சுவைக்கும் தாவும்போதுதான் பேராசிரியை சொன்ன உறுத்தல் எனக்கும் வந்தது. நாவலில் அவை கொஞ்சம் அதிகம். அசாத்தின் சர்க்கரைப்பாகு போன்ற தேநீரைப் பற்றி இத்தனை தடவை வேண்டாம்.

மறுபாதியையும் யோசித்துப் பார்த்தேன். இன்று ஸீலாந்திலிருந்து ஃபியூனுக்கு ரயிலில் போனால், கடலடிச் சுரங்கத்திலிருந்து வண்டி வெளிச்சத்துக்கு வரும் இடமே ஸ்ப்ரோகோதான். 1997இல் ரயிலும் 1998இல் சாலையும் திறந்தன. பாலம் கட்டுவதற்காக மண் கொட்டித் தீவையே பலமடங்கு பெரிதாக்கினார்கள். காப்பகக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. தினமும் ஆயிரக்கணக்கானோர் அந்த வழியாகப் போகிறார்கள். அந்த மண்ணில் என்ன நடந்தது என்று அவர்களில் பலருக்கு ஆராய்ச்சி நூல்கள் சொல்லியிருக்காது. இந்த மாதிரி ஒரு மலிவுப் பதிப்பு சொல்லியிருக்கும். வரலாறு ஏற்கெனவே எழுதப்பட்டுத்தான் இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் கையில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கொலைக்கதையும், 2018இல் கிறிஸ்டோஃபர் போ எடுத்த திரைப்படமும்.

இதில் ஸ்காண்டிநேவியர்களுக்கு ஒரு மரபே உண்டு. ஸ்வீடனின் மாய் ஷோவால், பேர் வாலோ இருவரும் சேர்ந்து 1965 முதல் 1975 வரை எழுதிய பத்துத் துப்பறியும் நாவல்களில் நலவாழ்வு அரசைத்தான் கூண்டில் ஏற்றினார்கள். மான்கெல்லும் ஸ்டீக் லார்சனும் அந்த வழி வந்தவர்கள். அங்கே துப்பறிகிறவர் பிணத்தின் அருகில் குனிந்தால் அரசாங்கக் கோப்பு ஒன்று கையில் தட்டுப்படும்.

அதெல்லாம் பழங்கதை, இப்போது ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்ட நண்பருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் 1997இல் மாச்சே ஸரெம்பா என்ற பத்திரிகையாளர் ‘டாகென்ஸ் நைஹேட்டர்’ நாளிதழில் எழுதிய பிறகுதான் நாடு விழித்தது. அங்கே சுமார் 63,000 பேருக்கு அறுவை நடந்திருந்தது. எல்லாரும் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் அல்லர், ஆனால் எத்தனை பேர் மனமொப்பிக் கையெழுத்திட்டார்கள் என்று யார் சொல்வது? பாதிக்கப்பட்டவர்களுக்கு 1,75,000 குரோனர் இழப்பீடு என்று 1999இல் முடிவானது. டென்மார்க் அரசு, தன் பராமரிப்பு இல்லங்களில் 1933 முதல் 1980 வரை அவதிப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2023இல்.

கிரீன்லாந்துக் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 1960களின் நடுப்பகுதியிலிருந்து அங்குள்ள பெண்களுக்கும் பள்ளிச் சிறுமிகளுக்கும் டேனிஷ் மருத்துவர்கள் கருத்தடைச் சுருள் பொருத்தினார்கள். பலரிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. சுமார் 4,500 பேர். நாயா லிபெர்த் என்ற உளவியலாளர் தனக்குச் சிறுவயதில் நடந்ததைத் துணிந்து வெளியே சொன்ன பிறகே மற்றவர்கள் வாய் திறந்தார்கள். 2025 செப்டம்பரில் டென்மார்க் பிரதமர் மெட்டே ஃபிரெடெரிக்சன் கிரீன்லாந்துத் தலைநகர் நூக்குக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். நாவல் வந்து பதினைந்து வருடம் கழித்து! நண்பரே, பழங்கதை எங்கே முடிகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

கார்ல் மோர்க் வரிசையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டவர்களுக்கு: முதல் நாவலிலிருந்தே தொடங்குங்கள், அசாத்தின் மர்மம் மெதுவாகத்தான் அவிழும். அவசரம் என்றால் ‘ஜர்னல் 64’ஐத் தனியாகவும் படிக்கலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அடுத்த மாதம் நார்வேக்குப் போகிறோம். யூ நெஸ்போவின் ‘தி ரெட்பிரெஸ்ட்’. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பக்கம் சேர்ந்து லெனின்கிராட் முனையில் சண்டையிட்ட நார்வே இளைஞர்கள், அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஆஸ்லோவில் அவர்களைத் துரத்தும் பழங்கணக்கு, நடுவில் குடிகாரத் துப்பறிவாளர் ஹாரி ஹோலே. படித்துவிட்டு 20ஆம் தேதிக்குள் எழுதுங்கள். ஒரு வேண்டுகோள்: கொலையாளியின் பெயரை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பாதீர்கள். எங்கள் தபால்காரரும் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்